வீட்டுத் திறப்பு யார் கையில்?

ஓர் அரசாங்கம் தனக்கு வந்த கடிதங்களையும் தான் எழுதிய கடிதங்களையும் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட ஒரு காலப்பகுதி முழுவதற்கும் தொலைத்துவிட்டது என்று எவரேனும் கூறினால், அது கற்பனைக் கதை என்றே கேட்போர் கருதுவர். ஆனால், அது நமது நாட்டில் நடந்த உண்மை. 2023 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி தொடக்கம் ஆகஸ்ட் 26 ஆம் திகதி வரை, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் மின்னஞ்சற் பெட்டிகளில் இருந்தவை அழிந்தொழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. கப்பம் கோரும் கயவர் சிலர் கணினிகளுக்குட் புகுந்து, அங்கிருந்த பதிவுகளைத் தம் பூட்டினாற் பூட்டிவிட்டனர். அக்கணினிகளோடு தொடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியும் அதே பூட்டுக்குள் அகப்பட்டது. வலையமைப்புக்கு வெளியே, எவர் கையும் எட்டாத இடத்தில் வைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

எப்படி நேர்ந்தது இது? மின்னஞ்சலை இயக்கிய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. பத்து ஆண்டுகள் பழையது. புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் 2021 இலேயே இருந்தது. நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போயிற்று என்று அதனைப் பராமரித்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே ஒப்புக்கொண்டது. வேலி பட்டுப்போயிற்று என்று தெரிந்தும் வேலியடைக்காத தோட்டத்தில் மாடு புகுந்தால், மாட்டை மட்டும் குறைகூறிப் பயன் என்ன?

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமைச்சுகளும் திணைக்களங்களும் தத்தம் மின்னஞ்சலைத் தாமே பராமரிக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த அம்முகவர் நிலையத்திடம் ஒப்படைத்திருந்தன. அஃது அந்நிய நிறுவனமன்று. அரசின் சொந்த நிறுவனமே. அப்படியிருந்தும், ஒப்படைத்தவர் "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றிருந்தனர். ஏற்றவர் "பணம் வரட்டும்" என்றிருந்தனர். இருவருக்கும் நடுவே காப்புப் பிரதி இல்லாமற் போயிற்று. சொந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தபோதே கதி இதுவென்றால், பெயரும் ஊரும் அறியாத பிறநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும்போது எத்துணை விழிப்பு வேண்டும்?

குத்தகையை நியாயப்படுத்துவோரின் வாதம்

கணினி வலையமைப்பைப் பிறர் பராமரிப்புக்கு விடுவதே குற்றம் என்று நாம் கூறவில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஒரு பெரிய வங்கியின் அல்லது திணைக்களத்தின் வலையமைப்பு என்பது ஒரு கணினியும் ஒரு கம்பியும் அன்று. தலைமை அலுவலகத்தில் வழங்கிகள், ஒவ்வொரு கிளையிலும் வழிகாட்டிக் கருவிகள், அவற்றை இணைக்கும் ஒளியிழை வடங்கள், வாயிலில் நின்று வருவோர் போவோரைச் சோதிக்கும் தடுப்பரண்கள், இவற்றுக்கெல்லாம் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும் திருத்தங்கள் என்று அது விரிந்துகொண்டே போகும். இரவு இரண்டு மணிக்குப் பழுது வந்தாலும் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள். ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவும் பகலும் நிரப்புவதற்கே நால்வருக்கு மேல் வேண்டும். விடுமுறையையும் நோயையும் சேர்த்தால் ஐவர். தடுப்பரணுக்கு ஒரு நிபுணர், வழங்கிக்கு ஒருவர், தரவுத்தளத்துக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் சிறிய திணைக்களமொன்று தாங்குமா?

மேலும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் கணினிப் பொறியியலாளர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அரச சம்பளத்தில் அவர்களைப் பிடித்து வைப்பது எளிதன்று. இந்நிலையில், பல நிறுவனங்களின் வலையமைப்புகளை ஒரே கூடத்திலிருந்து கண்காணிக்கும் கொந்தராத்துக்காரரிடம் வேலையை விடுவது சிக்கனம் என்று கூறுவோரின் பேச்சில் உண்மை உண்டு.

இந்தியாவின் பார்த்தி ஏர்ட்டெல் நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் தன் கணினி முறைமைகளை ஐ.பி.எம். நிறுவனத்திடமும், தொலைபேசி வலையமைப்பின் பராமரிப்பை எரிக்சன், நொக்கியா போன்றவற்றிடமும் ஒப்படைத்தபோது உலகமே வியந்தது. தொலைபேசி நிறுவனம் ஒன்று தொலைபேசி வலையமைப்பையே பிறரிடம் கொடுப்பதா என்று கேட்டனர். ஆனால், அந்நிறுவனம் தளரவில்லை, வளர்ந்தது. காரணம் என்ன? அலைவரிசை உரிமையையும் வாடிக்கையாளரையும் விலை நிர்ணயத்தையும் அது கைவிடவில்லை. வேலையைக் கொடுத்தது, தீர்மானத்தைக் கொடுக்கவில்லை. காணிக்காரர் வயலை வாரத்துக்கு விடலாம். உறுதியையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் காணிக்காரர் அல்லர்.

நமது நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார். 1997 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 விழுக்காட்டுப் பங்குகள் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு 225 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டன. முகாமைப் பொறுப்பும் அவர்களிடம் சென்றது. பெரும்பங்கை அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டது. முகாமை உடன்பாட்டுக்குக் கால எல்லை இருந்தது. 2008 இல் ஜப்பானியர் தம் பங்கை மலேசியாவின் மக்சிஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு, அதாவது யாழ்ப்பாண வம்சாவளியினரான ஆனந்த கிருஷ்ணனின் குழுமத்துக்கு, விற்றுச் சென்றனர். வந்தவர் போயினர், வலையமைப்பு இங்கேயே இருந்தது. அந்த ஏற்பாட்டிற் குறைகள் பல கூறலாம். ஆயினும், வீட்டுக்காரர் யார், வாடகைக்கு இருப்பவர் யார் என்ற ஐயம் அதில் எழவில்லை.

விசா விவகாரம் புகட்டிய பாடம்

அந்த ஐயம் எழுந்தது 2024 ஆம் ஆண்டில். நாட்டுக்கு வருவோர் இணையம் வழியாக அனுமதி பெறும் முறை 2012 தொடக்கம் நடைமுறையில் இருந்தது. உள்ளூர் நிறுவனமான மொபிற்றெல் அதனை ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு டொலர் என்ற கட்டணத்தில் இயக்கி வந்தது. 2023 செப்டெம்பரில் அமைச்சரவை அங்கீகாரம் பெற்று, 2024 ஏப்ரல் 17 ஆம் திகதி தொடக்கம் அப்பணி ஜி.பி.எஸ்., ஐ.வி.எஸ். குளோபல் ஆகிய நிறுவனங்களினதும் வி.எப்.எஸ். குளோபலினதும் கூட்டிடம் சென்றது. பயணியிடம் அறவிடப்பட்ட சேவைக் கட்டணம் 25 டொலரைத் தாண்டியது.

ஒரு டொலரில் நடந்த வேலைக்கு 25 டொலர் ஏன் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு இதனை ஆராய்ந்தது. பாராளுமன்ற உறுப்பினர்களாயிருந்த எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் ஒரு சிங்களவரும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்றனர் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. 2024 ஆகஸ்ட் 2 ஆம் திகதி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, முன்னைய முறையை மீளக் கொணருமாறு பணித்தது.

அதன்பின் நடந்ததே நமக்கு முக்கியம். வாரங்கள் சென்றன, முன்னைய முறை மீளவில்லை. செப்டெம்பர் 25 ஆம் திகதி குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் நீதிமன்றத்தை அவமதித்த குற்றச்சாட்டில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பின்னர் இரண்டொரு நாட்களில் பழைய முறை மீண்டும் இயங்கத் தொடங்கியது!

இதிலிருந்து பெறப்படுவது யாது? வலையமைப்பை ஒப்படைக்கும்போது, அதனைத் திரும்பப் பெறும் வழியையும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் வாசற்கதவைத் தன் கையாற் திறந்து மூட ஓர் அரசுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அந்த அரசு தன் இறைமையைப் பற்றி மேடைகளில் முழங்குவதிற் பொருள் உண்டா?

பிற நாடுகள் பட்ட பாடு

இவ்வகைத் தவறு நமக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் செல்வமும் ஒழுங்கும் மிக்க நாடு. 2015 ஆம் ஆண்டில் அதன் போக்குவரத்து முகவரகம் தன் கணினி முறைமைகளை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவசரத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு உட்படாத வெளிநாட்டுப் பணியாளர்கள் அந்நாட்டின் இரகசியப் பதிவேடுகளைப் பார்க்கக்கூடிய நிலை உருவாயிற்று. சட்டம் விதித்த சோதனைகளைத் தவிர்த்தே அனுமதி வழங்கப்பட்டிருந்தது. 2017 இல் முகவரகத்தின் தலைவி பதவியிழந்து தண்டமும் செலுத்தினார். அதே ஆண்டு ஜூலையில் இரு மந்திரிமார் பதவி துறந்தனர். தவறு கொந்தராத்துக்காரருடையது என்று கூறி அரசு தப்ப இயலவில்லை.

மற்றோர் உதாரணம் நமது அண்டை நாட்டிலேயே உண்டு. குஜராத்தில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யாவின் ரொஸ்நெப்ற் நிறுவனத்துக்குப் பங்குண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசொவ்ற் நிறுவனம் நயாராவின் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. இந்தியச் சட்டப்படி இந்தியாவில் இயங்கும் நிறுவனம். கட்டணத்தையும் ஒழுங்காகச் செலுத்தியிருந்தது என்பது அதன் முறையீடு. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற பின்னரே சில நாட்களிற் சேவை திரும்பியது. பிரசல்ஸ் நகரில் எடுத்த தீர்மானம் குஜராத்தில் உள்ள கணினியை நிறுத்துமாயின், சிறிய தீவான நம்மை நிறுத்த எத்தனை நாழிகை வேண்டும்?

பகைமை இல்லாமலும் இத்தகைய இடர் நேரும். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ரைக் என்ற ஒரே ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தவித்தன. ஊர் முழுவதும் ஒரே மடையை நம்பி விதைத்தால், அந்த மடை உடையும் நாளில் எல்லா வயலும் ஒன்றாகவே கெடும்.

கமக்காரருக்கு இதில் என்ன?

"இவையெல்லாம் கொழும்பு உத்தியோகத்தர் கவலை, வயலில் நிற்பவனுக்கு இதில் என்ன வந்தது?" என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள நமது வாசகர்கள் கேட்கலாம். வந்தது என்றே கூறுகிறோம்.

2022 இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் கிடைப்பதைத் தீர்மானித்தது ஒரு கணினிப் பதிவு. 2024-25 பெரும்போகத்தில் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட உரமானியம் வந்து சேர்ந்தது வங்கிக் கணக்குக்கு. அஸ்வெசும உதவிக்கு யார் தகுதியுடையவர் என்று பிரிப்பதும் கணினியே. 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே முறை அரசாங்கக் கட்டணங்களையும் வலையமைப்புக்குள் கொண்டுவந்தது. ஏட்டிலும் இடாப்பிலும் இருந்த கமக்காரரின் பெயர் இன்று வழங்கியில் இருக்கின்றது.

ஒப்பந்தங்களில் "99 விழுக்காடு நேரம் இயங்கும்" என்று எழுதுவர். கேட்பதற்கு நன்றாயிருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஓராண்டில் ஒரு விழுக்காடு என்பது மூன்றரை நாட்களுக்கு மேல். அந்த மூன்றரை நாட்களும் மானியப் பதிவின் இறுதி நாட்களாய் அமைந்துவிட்டால் யார் பொறுப்பு? 99.9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம். ஒரு தசம இலக்கத்தின் விலை இது. அந்த இலக்கத்தை எழுதுவோர் யார், அதற்கு இணங்குவோர் யார் என்று நம்மிடம் எவரும் கேட்பதில்லை.

குளத்து நீரைத் திறக்கும் நாளைக் குறிப்பதற்குப் போகந்தோறும் கூட்டம் வைக்கின்றார்கள். அரசாங்க அதிபர் வருகின்றார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருகின்றார். கமக்காரர் அமைப்புகள் எழுந்து வாதாடுகின்றன. எந்த நாள் மடை திறப்பது, எந்த நாள் பூட்டுவது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதெல்லாம் எல்லோரும் கேட்க முடிவாகின்றது. கல்வியறிவு மிக்க கொழும்பு நிர்வாகம், கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான வலையமைப்புகளைக் குத்தகைக்கு விடும்போது, இந்தக் கிராமத்து ஒழுங்கின் பத்தில் ஒரு பங்கையாவது கைக்கொள்கின்றதா?

பட்டியலும் தமிழரும்

இனி நாம் சொல்லவிருப்பது தமிழ் மக்களின் உள்ளத்தை உறுத்தும் ஒன்று. கணினி நிபுணர்கள் இதனை ஒரு தொழில்நுட்ப விடயம் என்பர். நமக்கு அது தொழில்நுட்பம் மட்டுமன்று.

1983 ஜூலையில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர் வீடுகளைத் தேடி வந்த காடையர் சிலர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வெள்ளவத்தையில் எந்த வீடு, கொட்டாஞ்சேனையில் எந்த மாடி என்பதைக் காட்டிக்கொடுத்தது அயலவர் நாவன்று. அரசாங்கம் அச்சிட்ட பட்டியல். வாக்களிக்கும் உரிமைக்காக எழுதிய பெயர், வீடு கொளுத்துவதற்கு அடையாளமாயிற்று. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டே அதனை நிறுத்த வேண்டியிருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஹெந்தளையிலும் போர்க்காலத்தில் வாழ்ந்த தமிழரிடம், பொலிசுப் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கிய இரவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, பெயரும் முகவரியும் மொழியும் கைரேகையும் அடங்கிய பட்டியல் எங்கே இருக்கின்றது, அதனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் யாருக்கு, பார்த்தவர் யார் என்பது எங்கே பதிவாகின்றது என்று கேட்க நமக்கு மற்றெவரிலும் கூடிய உரிமை உண்டு. இந்திய அரசின் நன்கொடையுடன் 2022 இல் உடன்பாடு கண்ட தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம், பெங்களூரில் உருவான மொசிப் என்ற திறந்த மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. இந்தியா நமக்கு அந்நியமன்று என்று சிலர் உவக்கலாம். இந்தியா என்பதாலேயே சிலர் எதிர்க்கலாம். நாம் இரண்டும் கூறவில்லை. டெல்லியாயினும் கொழும்பாயினும் தனியார் கம்பனியாயினும், பட்டியலைத் திறப்பவர் எவராயினும் அவருடைய பெயரும் நேரமும் அழிக்கவியலாத ஏட்டில் பதிய வேண்டும் என்பதே நமது கூற்று.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு உரிய பொறுப்பாளர் வேறு, அவருக்காக அதனைக் கையாளுபவர் வேறு என்று பிரித்துக் கூறுகின்றது. வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும் பொறுப்பு முன்னவரை விட்டு நீங்காது என்பதே அதன் கருத்து. நல்ல சட்டம். ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. வங்கிகள் தம் வேலையை வெளியாரிடம் ஒப்படைப்பதற்கு மத்திய வங்கி 2012 இலேயே விதி வகுத்தது. மக்களின் பணத்துக்குக் காட்டிய அவசரத்தை மக்களின் பெயருக்கும் முகவரிக்கும் காட்டக் கூடாதா?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, தமிழில் எழுதிய கடிதம் கந்தோரில் படிக்கப்படாமற் கிடந்தது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. கணினித் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரமும் 2008 தொடக்கம் இருக்கின்றது. ஆயினும், கொந்தராத்துப் பத்திரத்தில் "தமிழ்" என்ற சொல் இல்லையாயின், கொந்தராத்துக்காரர் தமிழைச் செய்யமாட்டார். அவரைக் குறைகூறவும் முடியாது. எழுதாததற்கு எவரும் பணமின்றி உழைப்பதில்லை. அன்று சட்டம் செய்த அநீதியை இன்று ஒப்பந்தத்தில் விடுபட்ட ஒரு வரி செய்கின்றது. சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தோம்; விடுபட்ட வரியைக் கண்டுபிடிக்கவே நம்மிடம் ஆளில்லை.

நாம் கேட்பவை

வெறுமனே குறைகூறி முடிப்பது இவ்வேட்டின் வழக்கமன்று. நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வற்புறுத்த வேண்டியவற்றை இங்கே நிரைப்படுத்துகின்றோம்.

முதலாவது, அரச வலையமைப்புகளைப் பராமரிக்கும் ஒவ்வோர் ஒப்பந்தமும், அதன் விலை, காலம், பொறுப்பு ஆகியவற்றுடன், மும்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 தொடக்கம் உள்ளது. கேட்டபின் கொடுப்பதை விடக் கேட்குமுன் வெளியிடுவதே முறை.

இரண்டாவது, முதன்மை நிர்வாகக் கடவுச்சொற்களும் வலையமைப்பின் வரைபடமும் கருவிகளின் அமைப்புப் பிரதிகளும் பெயர் குறிப்பிட்ட ஓர் அரச உத்தியோகத்தரின் பொறுப்பில் இருக்க வேண்டும். கொந்தராத்துக்காரர் திறப்பை இரவல் வாங்கலாம், தம்மிடமே வைத்துக்கொள்ளலாகாது.

மூன்றாவது, காப்புப் பிரதி மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வலையமைப்புக்கு வெளியே இருத்தல் வேண்டும். பிரதி இருக்கின்றது என்று எழுத்தில் உறுதி கூறினாற் போதாது. ஆண்டுக்கு இருமுறை, போகத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோமே, அதனை மீட்டெடுத்துக் காட்ட வேண்டும். விதைநெல்லை முளைக்க வைத்துப் பாராமல் விதைக்கும் கமக்காரர் உண்டா?

நான்காவது, ஒப்பந்தம் முடியும்போது தரவுகளைப் பயன்படுத்தத்தக்க வடிவில் திருப்பித் தருவதும், புதிதாக வருபவருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதும் முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டும்.

ஐந்தாவது, தமிழ்த் திரை, தமிழ் அறிவிப்பு, தமிழில் மறுமொழி கூறும் உதவித் தொலைபேசி ஆகியவை இயங்காத நாள், முறைமை இயங்காத நாளாகவே கணக்கிடப்பட வேண்டும். அந்நாளுக்குரிய கொடுப்பனவு கழிக்கப்பட வேண்டும்.

ஆறாவது, பட்டியல்களை யார் பார்த்தார் என்ற பதிவேடு கொந்தராத்துக்காரரின் கையிலும் இராது, திணைக்களத்தின் கையிலும் இராது, சுயாதீனமான ஒரு மூன்றாம் இடத்தில் இருத்தல் வேண்டும்.

ஏழாவது, எல்லாக் கண்காணிப்புக் கூடங்களையும் கொழும்பிலேயே குவிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. வவுனியாவில் 2021 தொடக்கம் தனிப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஆண்டுதோறும் அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகள் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ செல்லாமல், இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கும் அந்த நாற்காலியில் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்தே அமரலாம். ஒளியிழை வடத்துக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. அதிகாரப் பரவலாக்கம் என்று எழுபது ஆண்டுகளாக நாம் கேட்டு வருவது, கணினி நிபுணர் கண்ணோட்டத்திலும் நல்ல ஏற்பாடே. ஒரு கூடம் வீழ்ந்தால் மற்றொன்று தாங்கும்.

இவற்றுக்கு ஆளும் அறிவும் நம்மிடம் இல்லை என்று கூறுவோருக்கு ஒன்று நினைவூட்டுகின்றோம். 2022 இல் எரிபொருள் அனுமதி முறையை ஆக்கித் தந்தவர்கள் உள்ளூர் நிறுவனங்களைச் சேர்ந்த இளைஞர்கள். நாடு இருளில் கிடந்த வாரங்களில் அதனைச் செய்து முடித்தார்கள். அறிவு இருக்கின்றது, அதனை அழைக்கும் மனமே வேண்டும்.

முத்துராஜவெலவின் உப்பு

ஹெந்தளையில் வாழ்வோர் நாள்தோறும் கடக்கும் ஹமில்டன் கால்வாய்க்கு ஒரு வரலாறு உண்டு. அதன் அப்பால் விரிந்து கிடக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஒல்லாந்தர் தம் வாணிகப் படகுகள் செல்வதற்காகக் கால்வாய் வெட்டினர். படகுகள் சென்றன, அதே வழியால் கடலின் உவர்நீரும் வயலுக்குட் புகுந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1802 தொடக்கம் 1804 வரை ஹமில்டன் கால்வாயை வெட்டி, உவர்நீரை வடிக்க முயன்றனர். உப்பேறிய மண் திருந்தவில்லை. இன்று அங்கே நாணலும் கண்டலுமே வளர்கின்றன.

கால்வாய் வெட்டியவர் திறமையற்றவர் அல்லர். அவர்களுடைய கால்வாய் அவர்களுடைய நோக்கத்துக்கு நன்றாகவே உதவியது. வயல் யாருடையது, எந்த வாயிலில் மடை வைப்பது, அதனை யார் திறந்து மூடுவது என்று உழுதவனைக் கேட்கவில்லை, அவ்வளவே.

இன்று நாடெங்கும் புதிய கால்வாய்கள் வெட்டப்படுகின்றன. அவற்றில் ஓடுவது நமது பெயர், நமது பணம், நமது கைரேகை. வெட்டுவோர் எவராயினும் வெட்டட்டும், கூலி கொடுப்போம். மடையின் திறப்பு மட்டும் நமது கையில் இருக்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது தமிழ்ப் பிரதிநிதிகளின் கடமை. கேட்கவைப்பது வாக்களித்த நமது கடமை. உப்பேறிய பின்னர் வடிகால் வெட்டிப் பயனில்லை.

— ஹெந்தளைவாசி